பின்வரிசையிலிருந்து முன்மேடைக்கு: ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



காஞ்சிபுரத்தில் இசையைப் பற்றிப் பேச அழைத்தால், பேச வருபவர் வழக்கமாக எடுக்கும் பெயர்கள் சில உண்டு. உபநிஷத் பிரம்மேந்திரரின் மடத்தோடு தொடர்பு கொண்டு இங்கே தங்கியிருந்த முத்துசாமி தீட்சிதர் ஒருவர். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றாலே நினைவுக்கு வரும் நாயனா பிள்ளை இன்னொருவர். 1919இல் இங்கே பிறந்த டி.கே. பட்டம்மாள் மூன்றாமவர். இன்றைய தலைப்பு இந்த வரிசையில் இல்லாதது: திருச்சிராப்பள்ளிக்காரர் ஒருவர், அவர் கையில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கறுப்புக் குழல். ஆனால் அந்தக் குழல் நம் மண்ணில் நடந்து வந்த பாதையில் காஞ்சிபுரமும் ஒரு நிறுத்தம். அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற முதியவர்களில் இருவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன். 1931இல் பிறந்தவர், விருது அறிவிக்கப்பட்டபோது வயது தொண்ணூறு. மற்றவர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள், கோயில் சதிராட்ட மரபில் எஞ்சி நின்றவர். இருவரையும் தனித்தனிச் சாதனையாளர்களாகவே செய்தித்தாள்கள் காட்டின. உண்மையில் இருவரும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள் வழியாக வெளியே வந்தவர்கள். சதிர் இல்லையென்றால் கிளாரினெட் கர்நாடக இசைக்குள் நுழைந்திருக்காது.

இன்று நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்நிய வாத்தியம் ஒன்று ஒரு இசை மரபில் வேர் பிடித்ததா இல்லையா என்று பார்க்க, அதில் எத்தனை ராகம் வாசிக்க முடிகிறது என்று கணக்கெடுத்துப் பயனில்லை. அதை வாசிப்பவர் எங்கே நிற்கிறார், எங்கே உட்கார்கிறார், யாருடைய சைகைக்கு வாசிக்கிறார் என்று பார்க்க வேண்டும். நடராஜனின் வாழ்க்கை அந்த இடமாற்றத்தின் கதை. இதை ஐந்து கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

1

முதலில் கிளாரினெட் நின்ற இடம்.

1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் வாத்தியம் இது. ராணுவ பேண்டுகளோடு இந்தியாவுக்கு வந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் ஐரோப்பிய இசைக்கும் இடம் இருந்தது. ஆங்கிலேயர்களின் மெட்டுகள் தீட்சிதரின் காதுக்கு எட்டி நோட்டுஸ்வர சாகித்தியங்களாக மாறிய காலமும் ஏறத்தாழ அதுதான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்றார். வயலின் அப்போதே பாடகரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கிளாரினெட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அதற்குக் கிடைத்தது சின்னமேளம். நாகஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். நாட்டியத்துக்கான குழு சின்னமேளம். அதில் முன்பு முகவீணை வாசித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைக் கொண்டுவந்தார் என்று இசை வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். முகவீணையைவிட ஒலி நிறைவு, ஸ்தாயி வீச்சு எல்லாம் இதில் அதிகம். ஆனால் வாசிப்பவரின் நிலை மாறவில்லை. நாட்டியக்காரர் முன்னே ஆடுவார். நட்டுவனார் கையில் தாளத்தோடு பின்னே நிற்பார். மத்தளக்காரர், கிளாரினெட்காரர், சுருதி பிடிப்பவர் எல்லோரும் நின்றபடியே, ஆடுபவர் முன்னே போனால் முன்னே, பின்னே வந்தால் பின்னே என்று நகர்ந்து வாசித்தார்கள்.

காஞ்சிபுரம் இங்கேதான் வருகிறது. 1925இல், ஏழு வயதில், தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் இந்த ஊர்க் கோயிலில் நடந்தது. அவருடைய நட்டுவனார் கந்தப்பா பிள்ளை, தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர். ஆடுபவரின் பின்னாலேயே ஊர்ந்து திரிந்த குழுவை மேடையின் ஒரு பக்கத்தில் உட்கார வைத்த மாற்றம் அந்தத் தலைமுறையில் நடந்தது. உட்கார்ந்த பிறகும் கிளாரினெட் நட்டுவனாரின் தாளத்தைப் பார்த்துத்தான் வாசித்தது. மேலை நாட்டில் ‘கண்டக்டர்’ என்று யாரைச் சொல்கிறார்களோ, அந்த வேலையை இங்கே நட்டுவனார் செய்தார். வேகம் அவருடையது, நிறுத்தம் அவருடையது, எந்த அடியில் ஜதி விழ வேண்டும் என்ற முடிவும் அவருடையது.

1930களில் சதிர் பரதநாட்டியமாகி சபா மேடை ஏறியது. சென்னை மியூசிக் அகாடமி 1931இல் கல்யாணி சகோதரிகளை ஆட வைத்தது. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவது 1947இல் சட்டப்படி நின்றது. புதிய நாட்டிய மேடையில் புல்லாங்குழலும் வயலினும் வந்து உட்கார்ந்தன. கிளாரினெட் மெல்ல வெளியேறியது. ஒரு வாத்தியத்துக்குச் சோறு போட்ட வீடே இடிந்துபோன நேரம் அது. நடராஜன் அப்போது வளரும் பிள்ளை.

2

அவருடைய தந்தை சின்னிகிருஷ்ண நாயுடுவும் கிளாரினெட் வாசித்தவர். அதனால் வாத்தியம் வீட்டிலேயே இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, நடராஜன் யாரிடம் படித்தார் என்பதை. வாய்ப்பாட்டை ஆலத்தூர் வெங்கடேச அய்யரிடம் கற்றார்; ஆலத்தூர் சகோதரர்களுக்குக் குருவாக இருந்தவர் அவர். நாகஸ்வரத்தை இலுப்பூர் நடேச பிள்ளையிடம் கற்றார். ஒரு பக்கம் கணக்கும் சாகித்திய சுத்தமும் உள்ள பாட்டு, இன்னொரு பக்கம் கோயில் வீதியில் நாலு மணி நேரம் ராகம் வாசிக்கும் நாகஸ்வர முறை. கிளாரினெட்டை அவர் பிடித்தது இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு.

இதன் கஷ்டம் வாத்தியத்தைக் கையில் எடுத்தால்தான் தெரியும். நாகஸ்வரத்தில் ஏழு துளைகளும் வெறும் துளைகள். விரலைச் சற்றே விலக்கினால் ஸ்வரம் வழுக்கும். சீவாளியில் மூச்சை ஏற்றி இறக்கினால் கமகம் விழும். கிளாரினெட் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளமுள்ள நேர்க்குழாய். வாயில் ஒரே ஒரு நாணல் தகடு, உடம்பெல்லாம் உலோகச் சாவிகள். துளைகள் சிலவற்றைச் சுற்றி வளையம் இருக்கும். விரலைத் தூக்கினால் வளையமும் எழுந்து வேறொரு துளையைத் திறந்துவிடும். அதாவது, வளையத்தை அழுத்திக்கொண்டே துளையை மட்டும் பாதி திறக்கத் தெரிந்தால்தான் தோடியின் காந்தாரம் காந்தாரமாகக் கேட்கும். ஐரோப்பாவில் இந்தச் சாவிகளைச் செய்ததே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக. நமக்கு வேண்டியதோ ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள வழி.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாகஸ்வரத்திலோ புல்லாங்குழலிலோ ஓங்கி ஊதினால் அதே விரலமைப்பில் மேல்ஸ்தாயி கிடைக்கும். சட்ஜம் ஊதினால் மேல் சட்ஜம். கிளாரினெட் அப்படியல்ல. அதே விரலமைப்பில் ஓங்கி ஒலிப்பது மேல்ஸ்தாயியின் பஞ்சமம். ஆகவே கீழே ஒரு விரல் கணக்கு, மேலே வேறு கணக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு ‘உடைப்பு’ இருக்கும். அந்த இடத்தில் ஒலியின் நிறமும் மாறும், விரல்களும் ஒட்டுமொத்தமாக மாறும். பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்வை போடுவதைப் பார்த்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: சேர்த்த இடம் தெரியக் கூடாது, பிரியவும் கூடாது. அந்த உடைப்பின் மேலேயே ஒரு நீண்ட ஜாருவை இழுத்து, கேட்பவருக்கு எதுவும் தெரியாமல் கடப்பது கர்நாடக இசைக் கிளாரினெட்டின் முதல் பரீட்சை.

உதட்டழுத்தம், விரல் நகர்வு, மூச்சு மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும். பாட்டு தெரியாதவருக்கு எந்த ஸ்வரத்தை எவ்வளவு அசைப்பது என்றே தெரியாது. நாகஸ்வரம் தெரியாதவருக்கு அந்த அசைவைக் காற்றால் எப்படிச் செய்வது என்று தெரியாது. அவருடைய பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் முதல் சில நொடிகளுக்கு நாகஸ்வரமோ என்றுதான் தோன்றும். அவர் வேண்டுமென்றே அடைந்த ஒலி அது.

3

வானொலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. இளம் வயதிலேயே நடராஜன் வானொலிப் பணிக்குப் போனார். மாதச் சம்பளம் என்பது அக்காலக் கலைஞர் குடும்பங்களுக்குச் சாதாரண விஷயமல்ல. ஆனால் நிலையக் கலைஞரின் இடம் எது என்று பாருங்கள். வாத்தியக் குழுவில் ஓர் இருக்கை, எதிரில் ஸ்வரம் எழுதிய தாள், கையசைக்க ஒருவர். 1952இல் டெல்லியில் அகில இந்திய வானொலியின் ‘வாத்திய விருந்தா’ உருவானபோது அதை நடத்தியவர்கள் ரவிசங்கரும் டி.கே. ஜெயராமய்யரும். சேர்ந்திசை நமக்கும் வரும் என்று அது காட்டியது. அதே சமயம், கிளாரினெட்டுக்கு அது இன்னொரு பின்வரிசை. நட்டுவனாரின் தாளத்துக்குப் பதில் நடத்துநரின் கை, அவ்வளவே வித்தியாசம்.

வேறொரு பின்வரிசை தெருவில் இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சினிமாப் பாட்டு வாசித்துப் போன ‘பேண்டு செட்’டிலும் கிளாரினெட்தான் மெட்டை எடுத்துக் கொடுக்கும். காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்க வந்துபோன எத்தனையோ குடும்பங்களின் கல்யாண நினைவில் அந்த ஒலி உண்டு. மரியாதை மட்டும் கிடையாது.

நடராஜன் வானொலி வேலையை விட்டார்.

4

அவர் போய் உட்கார்ந்த இடம் எது என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் நடு நாயகம்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவருக்குக் கொடுத்த பெயர் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’. பிள்ளை காலமானது 1956இல். அப்படியானால் நடராஜன் அந்தப் பட்டத்தைப் பெற்றபோது இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்க முடியாது. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டில் ஏறியது 1953 மே மாதம். அந்தப் பெயர் ஊரெல்லாம் புழங்கிய காலமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பட்டங்கள் தமிழிசை உலகில் மலிவு என்பதை மறுக்கவில்லை. இந்தப் பட்டத்தின் எடை கொடுத்தவரால் வந்தது.

ராஜரத்தினம் பிள்ளை யார்? நாகஸ்வரக்காரரும் மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று வாதாடியவர். ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து நாகஸ்வரத்தின் அமைப்பையே மாற்றி, பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தியவர். கலைஞர் எங்கே உட்கார்கிறார் என்பதை அவரளவு யோசித்தவர் அந்தத் தலைமுறையில் வேறொருவர் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு கிளாரினெட்காரரைத் தனக்குச் சமமான மேடைக்குரியவராக ஊரறியச் சொன்னார். சின்னமேளத்து வாத்தியத்துக்குப் பெரிய மேளம் கொடுத்த அங்கீகாரம் அது.

நடராஜன் அதை அப்படியே நடத்தியும் காட்டினார். கிளாரினெட்டைத் தவிலோடு சேர்த்தார். சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. தவில் மிருதங்கத்தைப் போல் பாடகரின் கீழே ஒதுங்கி ஒலிக்கும் வாத்தியமல்ல. திறந்த வெளிக்காகச் செய்தது. வலக்கை விரல்களில் கூடுகளும் இடக்கையில் தொப்பிக் கோலும் கொண்டு இரண்டு தவில்கள் முழங்கினால், மரக்குழலின் ஒலி அதன் மேலே மிதந்து நிற்க வேண்டும். நின்றது மட்டுமல்ல, அது தவிலை நடத்தியது. ராகம் எப்போது முடியும், பல்லவி எப்போது தொடங்கும், எந்த இடத்தில் தவில்காரருக்கு வழிவிடுவது, தனியாவர்த்தனம் எவ்வளவு நீளலாம் என்பதெல்லாம் கிளாரினெட்காரர் கண்ணாலும் தலையசைவாலும் எடுக்கும் முடிவுகள். நட்டுவனாரின் கையைப் பார்த்து வாசித்த வாத்தியம் இப்போது மேளத்தை நடத்தியது.

5

மேலை நாட்டோடு ஒப்பிட்டால் இதன் அருமை இன்னும் தெளிவாகும்.

அங்கே கிளாரினெட்டை வாசித்தவர்களும் அதற்காக எழுதியவர்களும் சேர்ந்து உயர்த்தினார்கள். அன்டோன் ஸ்டாட்லருக்காக மோட்சார்ட் 1791இல், தாம் இறந்த ஆண்டில், கிளாரினெட் கன்சர்ட்டோவை எழுதினார். ஹைன்ரிஷ் பேர்மனுக்காக வெபர் 1811இல் எழுதினார். இசையமைப்பதையே நிறுத்திவிடலாம் என்றிருந்த பிராம்ஸ், 1891இல் ரிஹார்ட் மியூல்ஃபெல்டின் வாசிப்பைக் கேட்டு மனம் மாறி, அடுத்த மூன்று ஆண்டுகளில் நான்கு படைப்புகளை அவருக்குக் கொடுத்தார். நல்ல வித்வான் கிடைத்தால் அவருக்கென்றே ஒரு படைப்பு பிறக்கும். இது அங்குள்ள வழக்கம். நடராஜனுக்காக யாரும் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி பாடலுக்காக எழுதியதையே அவர் வாசித்தார். நம் மரபில் வாத்தியத்துக்குத் தனி இலக்கியம் பெரும்பாலும் கிடையாது. கிளாரினெட்டுக்கென்று ஒரு கிருதி இல்லாததைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. வயலினுக்கும் இல்லை, வீணைக்கும் இல்லை.

நடத்துநர் விஷயத்தில் வேற்றுமை இன்னும் சுவையானது. மேலை ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட்காரரின் நாற்காலி நடுவில், வயலின்களுக்குப் பின்னே. அங்கிருந்து எழுந்து நடத்துநர் மேடைக்குப் போனவர்கள் உண்டு. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் கிளாரினெட் படித்த காலின் டேவிஸுக்கு, பியானோ வாசிக்கத் தெரியாது என்ற காரணத்தால் நடத்துநர் வகுப்பில் இடம் தரவில்லை. அவர்தான் பின்னாளில் 1995 முதல் 2006 வரை லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை நடத்துநர். பின்லாந்தின் ஓஸ்மோ வான்ஸ்கா ஹெல்சிங்கி பில்ஹார்மானிக்கில் கிளாரினெட் வாசித்தவர். 2003 முதல் 2022 வரை அமெரிக்காவில் மின்னசோட்டா ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார். இருவருமே குழுவுக்குத் தலைமை ஏற்கக் குழலைக் கீழே வைத்துவிட்டுக் கோலை எடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் வேறு வழியில்லை.

நடராஜன் குழலைக் கீழே வைக்கவே இல்லை. வாசித்துக்கொண்டே நடத்துவதுதான் நம் மேளத்தின் முறை. அவருக்குக் கோல் தேவைப்படவில்லை. பின்வரிசை வாத்தியம் எனப்பட்டதே தலைமை வாத்தியமாகிவிட்டது.

இந்த இடத்தில் சாக்ஸஃபோன் கத்ரி கோபால்நாத்தை நினைக்காமல் இருக்க முடியாது. மைசூர் அரண்மனை பேண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டு ஈர்க்கப்பட்டவர்; சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றவர், 2004இல் பத்மஸ்ரீ பெற்று 2019இல் மறைந்தார். அவருக்குப் பின் சாக்ஸஃபோன் தென்னிந்தியக் கோயில்களிலும் கல்யாணங்களிலும் பரவிவிட்டது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பேண்டு வாத்தியம் ஒன்றைக் கர்நாடக இசையின் முன்மேடையில் உட்கார வைத்தவர் நடராஜன். ஆனால் கிளாரினெட் அப்படிப் பரவவில்லை. வாத்தியத்தின் கடினம் ஒரு காரணம். அந்த உடைப்பைத் தாண்ட ஆண்டுகள் ஆகும். புகழும் தாமதமாக வந்தது. சங்கீத நாடக அகாதெமி விருது 1994இல், பத்மஸ்ரீ 2022இல். அறுபது வயதைத் தாண்டிய பிறகு டெல்லி கண்டுபிடித்த கலைஞரின் வாத்தியத்தை, பதினைந்து வயதுப் பையன் எதை நம்பித் தேர்ந்தெடுப்பான்? மூன்றாவது காரணத்தை நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். கற்பிக்க இடம் இல்லை.

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் அங்கே கற்றுத் தருகிறார்கள். கிளாரினெட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நடராஜன் எந்த இரண்டு கல்வியிலிருந்து உருவானாரோ அந்தப் பாட்டும் நாதசுரமும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. மூன்றாவதாக வேண்டியது ஒரு நல்ல வாத்தியமும், வாரம் ஒருநாள் வந்து கற்பிக்க ஓர் ஆசிரியரும். அறக்கட்டளையை நடத்தும் குடும்பத்தாரிடம் என் வேண்டுகோள் இது: அடுத்த ஆண்டு இந்த மேடையில் சொற்பொழிவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிளாரினெட் கச்சேரி வையுங்கள், தவிலோடு. நாதசுர வகுப்பு மாணவர் ஒருவருக்கு வாத்தியம் வாங்கிக் கொடுங்கள். சொற்பொழிவின் நேரத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம்.